ஹடூப்பின் ரைட்டபிளும் சீக்வென்ஸ்ஃபைலும்: காரைக்குடிப் பேரேடுகளோடு ஓராண்டு

காரைக்குடியில் நாங்கள் நால்வர் சேர்ந்து நடத்தும் சிறிய அலுவலகத்தில், கடந்த ஓராண்டாக நகரத்தார் குடும்பங்கள் சிலவற்றின் பழைய பேரேடுகளைக் கணினியில் ஏற்றி, ஊர்வாரியாகவும் புள்ளிவாரியாகவும் (புள்ளி என்பது நகரத்தார் கணக்கில் ஒரு குடும்ப அலகு) தொகுத்துக் கொடுக்கும் பணி நடந்து வருகிறது. அதற்கு, பெருந்தரவைப் பல கணினிகளில் பகிர்ந்து கையாளும் ஹடூப் என்ற மென்பொருளின் மேப்ரெடியூஸைப் பயன்படுத்தினோம். அதில் ஓடும் ஒரு வேலைக்கு ஜாப் என்று பெயர். ஜாப்பின் மேப்பர்கள் தரவைக் கீ (அடையாளம்), வேல்யூ (மதிப்பு) என்ற இணைகளாக்கித் தரும், ஒரே கீ உள்ளவற்றை ரெடியூசர்கள் சேர்த்துக் கணக்கிடும். ஹடூப்பைப் பற்றிப் பொதுவாக எழுதியவர்கள் ஏராளம் என்பதால், இந்த மதிப்புரையை அதன் ஓர் உறுப்போடு நிறுத்திக்கொள்கிறேன். நாமே வகுத்துக்கொண்ட ஒரு தரவு வகையை, ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் ஜாப்களுக்கு இடையே சிதையாமல் கொண்டுசேர்ப்பதற்கென்று ஹடூப் இரண்டு பொருள்களைத் தருகிறது. ஒன்று ரைட்டபிள் என்னும் இடைமுகம், அதாவது நம் வகை தர வேண்டிய முறைகளின் பட்டியல். மற்றொன்று சீக்வென்ஸ்ஃபைல் என்னும் கோப்பு வடிவம். இவ்விரண்டும் சொன்ன வேலையைச் செய்கின்றனவா என்பதே இங்கே கேள்வி.

விலை என்று எதுவும் இல்லை. அப்பாச்சி உரிமத்தில் வரும் மென்பொருள். நாங்கள் பயன்படுத்தியது 3.3 வரிசைப் பதிப்பு. முகப்பில் ஆத்தங்குடிக் கல் பதித்த ஒரு பழைய வீட்டின் உள்ளறையில் வைத்த மூன்று கணினிகளில் எழுதிச் சோதித்துவிட்டு, உண்மையான ஓட்டத்தை வாடகைக்கு எடுத்த பெரிய கிளஸ்டரில் (கணினித் தொகுதியில்) நடத்தினோம். எழுத்து வரிகளோடு பக்கப் படங்களும் சேர்ந்து வந்ததால்தான் இத்தனை ஏற்பாடு. வரிகள் மட்டும் என்றால் சில லட்சம்தான். அதற்கு ஒரு நல்ல கணினியும் ஒரு தரவுத்தளமும் போதும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஹடூப் என்பது அதை உருவாக்கிய டக் கட்டிங்கின் மகன் தன் பொம்மை யானைக்கு வைத்த பெயர். யானையைக் கட்டித் தீனி போடுகிறவன், அதற்குச் சுமக்க எதையாவது கொடுக்க வேண்டும்.

எங்கள் தரவின் இயல்பைச் சொன்னால்தான் சிக்கல் எங்கே வந்தது என்பது விளங்கும். பேரேட்டின் ஒரு வரியில் தேதி, ஊர், யாருடைய புள்ளி, பற்றா வரவா, விவரம், தொகை ஆகியவை இருக்கும். தொகை ரூபாய், அணா, பை என மூன்று படிகளில் எழுதப்பட்டிருக்கும். 1957 ஏப்ரல் 1ஆம் தேதி பதின்மக் காசு நடைமுறைக்கு வரும்வரை ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை, ஆக ஒரு ரூபாய்க்கு 192 பை. 5 ரூபாய் 10 அணா 6 பை என்ற தொகையைப் பையாக மாற்றினால் 1086 வரும். இதைத் தசமப் புள்ளி வைத்த எண்ணாக எங்கும் எழுதிவிட முடியாது. எழுதினால் பத்து அணா பத்துக் காசாகப் படிக்கப்பட்டுவிடும். எங்களுக்கு மூன்று ஜாப்கள் தேவைப்பட்டன. முதலாவது, வரிகளைத் துப்புரவாக்கித் தேதியையும் பெயர்களையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது. இரண்டாவது, ஒரே புள்ளியின் வரிகளை வெவ்வேறு ஏடுகளிலிருந்து சேர்த்து நிலுவை காண்பது. மூன்றாவது, அந்த நிலுவைகளை ஊர்வாரியாக வரிசைப்படுத்துவது. முதல் ஜாப்பின் விளைவு இரண்டாவதற்கு உள்ளீடு, இரண்டாவதன் விளைவு மூன்றாவதற்கு உள்ளீடு.

எல்லாரையும்போல நாங்களும் முதலில் வெறும் எழுத்துக் கோப்பிலேயே தொடங்கினோம். ஹடூப் தானாகத் தரும் டெக்ஸ்ட்அவுட்புட்ஃபார்மட், கீயையும் வேல்யூவையும் அவற்றின் டுஸ்ட்ரிங் முறையால் எழுத்தாக்கி, இடையில் ஒரு டேப் வைத்து வரியாக எழுதிவிடுகிறது. அடுத்த ஜாப் அந்தக் கோப்பைப் படிக்கும்போது அதற்குக் கீயாகக் கிடைப்பது நம் புள்ளி அன்று. அந்த வரி கோப்பில் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்ற எண்ணே. நாம் அரும்பாடுபட்டு வகுத்த வகை முழுவதும் மீண்டும் ஒற்றைச் சரமாக (எழுத்துத் தொடராக) வந்து நிற்கும். அதை உடைத்து மறுபடி வகையாக்குவது நம் தலையில் விழும். விவரப் பகுதியில் தட்டச்சு செய்தவர் பழக்கத்தில் ஒரு டேப் அழுத்தியிருந்தால் அந்த வரி அங்கேயே உடையும். இப்படி உடைந்த வரிகளை ஒட்டுவதற்கென்றே ஒரு வாரம் செலவழித்த பிறகுதான் ரைட்டபிளுக்கு வந்தோம். கண்ணால் பார்த்துச் சரிபார்க்க எழுத்துக் கோப்பு வசதியானது என்பது உண்மையே. ஆனால் அது பார்ப்பதற்கு உரியது, கைமாற்றுவதற்கு உரியது அன்று.

ரைட்டபிள் கேட்பது மிகக் கொஞ்சம். ரைட் என்ற முறையில் நம் புலங்களை ஒன்றன்பின் ஒன்றாக பைட்களாக எழுத வேண்டும். ரீட்ஃபீல்ட்ஸ் என்ற முறையில் அதே வரிசையில் திரும்பப் படிக்க வேண்டும். கீயாகப் பயன்படும் வகை என்றால் ரைட்டபிள்கம்பேரபிள் ஆக வேண்டும். அதாவது எது முன், எது பின் என்று சொல்லும் கம்பேர்டு முறையும் வேண்டும். அளவுருக்கள் இல்லாத ஒரு கன்ஸ்ட்ரக்டர் (பொருளை உருவாக்கும் முறை) கட்டாயம், ஏனென்றால் ஹடூப் முதலில் வெற்றுப் பொருளை உருவாக்கிவிட்டுத்தான் அதனுள் பைட்களை நிரப்புகிறது. பிறகு ஜாப் அமைப்பில் விளைவின் வடிவம் சீக்வென்ஸ்ஃபைல் என்று முதல் ஜாப்புக்கும், உள்ளீட்டின் வடிவம் சீக்வென்ஸ்ஃபைல் என்று இரண்டாவதற்கும் சொல்லிவிட்டால், ஒன்றின் விளைவுக் கோப்புறையையே அடுத்ததன் உள்ளீடாகக் காட்டலாம். அங்கே கிடக்கும் அடிக்கோட்டில் தொடங்கும் வெற்றிக் குறிக் கோப்பை ஹடூப் தானே ஒதுக்கிவிடும். இரண்டாம் ஜாப்பின் மேப்பருக்கு இப்போது கீ நம் புள்ளி, வேல்யூ நம் தொகை. உடைக்கவோ ஒட்டவோ எதுவும் இல்லை. முதல்முறை இது ஓடியபோது, ரூபாயும் அணாவும் பையும் தனித்தனிப் புலங்களாக அடுத்த ஜாப்பில் வந்து நின்றதைப் பார்த்து உண்மையிலேயே மகிழ்ந்தோம். ஜாவா மொழியில் புலங்களுக்குத் தமிழிலேயே பெயர் வைக்க முடிகிறது என்பதால் அந்த வகையை வரையறுக்கும் கிளாஸில் ரூபாய், அணா, பை என்றே எழுதியிருந்தோம். எங்கள் கணக்குப்பிள்ளை ஐயாகூட அதைப் படித்துவிட்டார்.

தொடக்கத்தில் எல்லாரும் இடறும் இடம் ஒன்று உண்டு. மேப்பரின் விளைவு வகையும் ரெடியூசரின் விளைவு வகையும் வேறாக இருந்தால் இரண்டையும் தனித்தனியே அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் ஹடூப் தன் வழக்கமான லாங்ரைட்டபிள் (எண்), டெக்ஸ்ட் (எழுத்து) என்ற வகைகளை எதிர்பார்த்துக்கொண்டு, வகை பொருந்தவில்லை என்று ஜாப்பை நிறுத்திவிடும். இந்தப் பிழைச் செய்தி தெளிவானது, எதை எதிர்பார்த்தேன், எது வந்தது என்று இரண்டையும் சொல்கிறது. இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். குறை, எதுவுமே சொல்லாமல் தவறான விடையைத் தரும் இடங்களில் இருக்கிறது. அப்படி மூன்று இடங்களில் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

முதலாவது, எழுதும் வரிசையும் படிக்கும் வரிசையும். ரைட்டில் ரூபாய்க்குப் பின் அணாவை எழுதிவிட்டு, ரீட்ஃபீல்ட்ஸில் கைமறதியாக அணாவை முன்னும் ரூபாயைப் பின்னும் படித்திருந்தேன். இரண்டுமே நான்கு பைட் முழு எண்கள் என்பதால் ஹடூப்புக்கு வேறுபாடு தெரிய வழியே இல்லை. 5 ரூபாய் 10 அணா என்ற தொகை 10 ரூபாய் 5 அணாவாக மாறி, எந்த எச்சரிக்கையும் இன்றி இறுதிக் கணக்கு வரை போனது. 1086 பை 1986 பையானது. கூட்டிப் பார்த்தால் நம்பும்படியான எண்ணாகவே தோன்றியது. அணா 16க்குக் குறைவாகவும் பை 12க்குக் குறைவாகவும் இருக்கிறதா என்று ரீட்ஃபீல்ட்ஸ் முடியும் இடத்தில் ஒரு சோதனை வைத்த பிறகுதான், அணாவின் இடத்தில் 340 வந்து நின்ற ஒரு வரி மாட்டியது. அந்தச் சோதனை பின்னால் வேறொரு இடத்திலும் எங்களைக் காப்பாற்றியது.

இரண்டாவது நுட்பமானது, இதைத் தெரிந்துகொள்ள மூன்று இரவுகள் ஆயின. எங்கள் கீயில் ஊர், புள்ளி, பற்று அல்லது வரவு என மூன்று புலங்கள் இருந்தன. கடைசிப் புலத்தை, குறிப்பிட்ட சில மதிப்புகளை மட்டும் ஏற்கும் ஜாவாவின் எனம் வகையாக வைத்திருந்தோம். ஒரு கீ எந்த ரெடியூசருக்குப் போக வேண்டும் என்பதை ஹடூப்பின் வழக்கமான பார்ட்டிஷனர் அந்தக் கீயிலிருந்து கணக்கிடப்படும் ஹாஷ்கோடு என்ற எண்ணைக் கொண்டு தீர்மானிக்கிறது. எனத்தின் ஹாஷ்கோடோ அதன் பெயரிலிருந்து வருவதன்று. அந்தந்த ஜாவா இயந்திரத்துக்குள் (ஜாவா நிரலை ஓட்டும் மென்பொருளுக்குள்) அந்தப் பொருளுக்கு அமைந்த அடையாளத்திலிருந்து வருவது. ஒவ்வொரு மேப்பரும் தனித்தனி ஜாவா இயந்திரத்தில் ஓடுவதால், ஒரே வரவுக்கு இங்கே ஓர் எண்ணும் அங்கே வேறோர் எண்ணும் கிடைத்தன. விளைவு, கண்டனூரில் உள்ள ஒரே புள்ளியின் வரவு இரண்டு ரெடியூசர்களுக்குப் பிரிந்து போய், இரண்டு விளைவுக் கோப்புகளில் இரண்டு அரைகுறை நிலுவைகளாக வந்தது. எங்கள் அறையில் ஒற்றை ரெடியூசரோடு சோதித்தபோது எல்லாம் ஒரே இடத்துக்குப் போனதால் இந்தப் பிழை தலைகாட்டவே இல்லை. ஹாஷ்கோடை எனத்தின் பெயரிலிருந்து கணக்கிடும்படி மாற்றியதும் சரியாகிவிட்டது. ஹாஷ்கோடை எழுதவே மறந்துவிட்டாலும் இதே கதிதான். ரைட்டபிள்கம்பேரபிள் இடைமுகம் கம்பேர்டு முறையைக் கட்டாயமாக்குகிறது, ஹாஷ்கோடை ஆவணத்தில் ஓர் அறிவுரையாக மட்டும் விட்டுவிடுகிறது. பகிர்ந்து ஓடும் ஒரு கருவி இந்த ஒன்றைக் கட்டாயமாக்கியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவதைக் கண்டுபிடித்தவர் கணக்குப்பிள்ளை ஐயா. தேவகோட்டையில் ஒரு கடையில் நாற்பது ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். வாரம் இருமுறை வந்து எங்கள் தொகுப்பை அசல் ஏட்டோடு ஒத்துப் பார்ப்பார். ஒருநாள் அச்சிட்ட தாளைக் கீழே வைத்துவிட்டு, “தம்பி, இந்தப் புள்ளிக்கு இருபத்திரண்டு பற்று காட்டுறீங்க. இருபத்திரண்டும் ஒரே தேதி, ஒரே தொகை. ஏட்டுல கடைசியா எழுதின பற்று அது. மத்ததெல்லாம் எங்கே போச்சு?” என்றார். போகவில்லை, ஒன்றன்மேல் ஒன்று எழுதப்பட்டிருந்தன. ரெடியூசருக்கு வேல்யூக்களைத் தரும்போது ஹடூப் ஒவ்வொன்றுக்கும் புதிய பொருளை உருவாக்குவதில்லை. ஒரே பொருளை வைத்துக்கொண்டு அதனுள் அடுத்தடுத்த பைட்களை நிரப்பித் தருகிறது. நான் அவற்றை ஒரு பட்டியலில் சேர்த்தபோது, பட்டியலில் இருந்தது ஒரே பொருளைக் காட்டும் இருபத்திரண்டு சுட்டிகள். கடைசியாக நிரப்பப்பட்டது எதுவோ அதுவே எல்லாவற்றிலும் தெரிந்தது. ஒவ்வொன்றையும் பிரதி எடுத்துச் சேர்க்க வேண்டும் என்பதே தீர்வு. நினைவகத்தை மிச்சப்படுத்தவும் குப்பை சேராமல் இருக்கவும் செய்த ஏற்பாடு இது, கோடிக்கணக்கான பதிவுகளில் அதன் பயனும் பெரிது. ஆனால் அதே பழக்கம் இன்னொரு பள்ளத்தையும் தோண்டுகிறது. நம் வகைக்குள் ஒரு பட்டியல் இருந்தால் ரீட்ஃபீல்ட்ஸின் முதல் வேலையே அதைக் காலி செய்வதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முந்திய பதிவின் மிச்சம் அடுத்த பதிவில் ஒட்டிக்கொள்ளும்.

தமிழ்த் தரவைக் கையாள்கிறவர்களுக்கென்று தனியாகச் சில சொல்ல வேண்டும். ஆங்கிலத் தரவை மட்டும் கண்டவர்கள் எழுதிய வழிகாட்டிகளில் இவை அகப்படுவதில்லை. ஜாவாவின் ரைட்யூடிஎஃப் முறையைச் சரங்களை எழுதப் பயன்படுத்துவது எளிது, ஆனால் அது ஒரு சரத்துக்கு 65,535 பைட்களுக்கு மேல் ஏற்காது. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்கள் கொள்ளும். செட்டிநாடு என்ற சொல்லில் பத்துக் குறியீடுகள் இருப்பதால் அதற்கே 30 பைட்கள் ஆகும். ஆக, தமிழில் 21,845 குறியீடுகளோடு எல்லை முடிந்துவிடும். ஒரு திருமணத்தின் சீர்ச் சாமான் பட்டியல் முழுவதையும் ஒரே விவரப் புலத்தில் ஏற்றியிருந்தபோது ஜாப் இந்த எல்லையில்தான் விழுந்தது. அதற்குப் பதில் ஹடூப்பின் டெக்ஸ்ட் வகை தரும் ரைட்ஸ்ட்ரிங் முறையைப் பயன்படுத்தினால் இந்த எல்லை இல்லை. டெக்ஸ்ட்டிலும் ஒரு கவனம் வேண்டும். கெட்பைட்ஸ் திருப்பித் தரும் அணியில், கெட்லெங்த் சொல்லும் நீளம் வரை உள்ளதே நம்முடையது. அதற்கு மேல் கிடப்பது முன்பு அந்த இடத்தில் இருந்த நீளமான பெயரின் வால்.

அடுத்தது ஒகர, ஓகாரக் குறிகள். கொத்தமங்கலம் என்பதில் வரும் கொ என்ற எழுத்தின் குறியை ஒற்றைக் குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைட்களில் வேறு வேறு. ரைட்டபிளுக்குத் தெரிவது பைட் மட்டுமே. ஆகையால் கொத்தமங்கலம் இரண்டு ஊர்களாகவும் கோட்டையூர் இரண்டு ஊர்களாகவும் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் தனி நிலுவை வந்தது. முதல் ஜாப்பிலேயே எல்லாச் சரங்களையும் இத்தகைய இரட்டைக் குறிகளை ஒற்றைக் குறியீடாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிவிடுவது ஒன்றே வழி. ஜாவாவில் அதற்கு நார்மலைசர் கிளாஸ் உள்ளது. இதை இரண்டாவது ஜாப்பில் செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், கீ அதற்குள் பிரிந்து போயிருக்கும்.

வரிசைப்படுத்தலும் அப்படியே. டெக்ஸ்ட் வகை பைட் வரிசையில் ஒப்பிடுகிறது. யூனிகோடில் ற என்பது ர-வுக்கு அடுத்தும், ன என்பது ந-வுக்கு அடுத்தும், ள, ழ ஆகியவை வ-வுக்கு முன்னும் அமைந்திருக்கின்றன. நம் நெடுங்கணக்கின் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்ற வரிசை அதில் கிடையாது. மூன்றாம் ஜாப்பின் பட்டியலை ஆச்சி ஒருவரிடம் காட்டியபோது, ஊர்ப் பெயர்கள் தாறுமாறாக இருக்கின்றனவே என்று கேட்டார். அகராதி பார்த்துப் பழகிய கண் அது. கடைசி ஜாப்பின் கீக்கு மட்டும் ஐசியூ என்ற யூனிகோட் நிரல் நூலகத்தின் தமிழ் வரிசையைப் பயன்படுத்தும் ஒப்பீட்டை எழுதிக்கொண்டோம். நம் விருப்பப்படி ஒப்பீட்டை எழுதிக்கொள்ள ரைட்டபிள்கம்பேரபிள் இடம் தருகிறது என்பது இங்கே அதன் பலம். இடைப்பட்ட ஜாப்களில் எந்த வரிசை என்பது பொருட்டே இல்லை, ஒரே கீகள் ஒன்றாகச் சேர்ந்தால் போதும். அங்கே பைட்களையே நேராக ஒப்பிடும் ரா கம்பேரேட்டரை வைத்தால், பொருளாக்கிப் பார்க்கும் செலவு மிச்சமாகும்.

சீக்வென்ஸ்ஃபைல் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயமே உண்டு. கோப்பின் தலையில் மூன்றெழுத்து அடையாளம், பதிப்பு எண், கீயின் கிளாஸ் பெயர், வேல்யூவின் கிளாஸ் பெயர், சுருக்கப்பட்டிருக்கிறதா என்ற குறிப்பு ஆகியவை இருக்கும். இடையிடையே 16 பைட் ஒத்திசைவுக் குறி வருவதால், பெரிய கோப்பை நடுவிலிருந்து படிக்கத் தொடங்கும் மேப்பருக்கும் பதிவின் எல்லை தெரிந்துவிடுகிறது. இதனால் கோப்பு சுருக்கப்பட்டிருந்தாலும் பல மேப்பர்களுக்குப் பகிர முடிகிறது; ஜிசிப் முறையில் சுருக்கிய எழுத்துக் கோப்பை அப்படிப் பகிர முடியாது. சுருக்குவதில் பதிவுவாரி, பிளாக்வாரி என இரண்டு வழிகள் உண்டு. தானாக அமைவது பதிவுவாரி; எங்களுடையதுபோன்ற சிறு பதிவுகளுக்கு அதனால் பயன் மிகக் குறைவு. பிளாக்வாரி என்று மாற்றிச் சொல்லிவிட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஹடூப்பின் கட்டளை வரியில் டெக்ஸ்ட் என்ற கட்டளை இருக்கிறது; நம் கிளாஸ் உள்ள ஜார் கோப்பை (ஜாவா நிரல் தொகுப்பை) அதன் பாதையில் சேர்த்துவிட்டால், டுஸ்ட்ரிங் தருவதை வரிவரியாகக் காட்டும். ஆகவே டுஸ்ட்ரிங்கைச் சோம்பல் படாமல் எழுதுங்கள். இடைக் கோப்புகளுக்கு மூன்று பிரதிகள் வைக்கும் வழக்கமான அமைப்பை ஒரு பிரதியாகக் குறைத்து இடத்தை மிச்சம் பிடித்தோம். ஒரு கணினி நின்றுவிட்டால் முதல் ஜாப்பை மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும். மின்தடை வாடிக்கையான ஊரில் இது எங்களுக்கு இருமுறை நேர்ந்தது, இருந்தும் வருத்தமில்லை.

ஜாப்களைக் கோப்பு இல்லாமலே இணைக்க முடியாதா என்று கேட்பவர்களுக்கு: செயின்மேப்பர், செயின்ரெடியூசர் என்று உண்டு. பல மேப்பர்களை ஒரே பணிக்குள் அடுக்கலாம். ரெடியூசருக்குப் பின்னும் மேப்பர்களை அடுக்கலாம். இரண்டாவது ரெடியூசர் வேண்டும் என்றால் அடுத்த ஜாப்தான், அதற்குக் கோப்புதான். ஜாப்களின் வரிசையைக் கட்டுப்படுத்த ஜாப்கண்ட்ரோல் இருக்கிறது. மூன்று ஜாப்களுக்கு அதுகூட வேண்டாம், ஒன்று முடியும்வரை காத்திருந்து அடுத்ததைத் தொடங்கும் நாலு வரி நிரலே போதும்.

என் பெரிய மனக்குறைக்கு வருகிறேன். ஏழாவது மாதத்தில் பள்ளத்தூரிலிருந்து ஒரு கட்டு ஏடு வந்தது. அவை பினாங்குக் கடைக் கணக்குகள். அவற்றில் ரூபாயும் அணாவும் இல்லை. வெள்ளியும் காசும், ஒரு வெள்ளிக்கு நூறு காசு. எங்கள் தொகை வகையில் நாணயம் எது என்று சொல்லும் ஒரு புலம் தேவைப்பட்டது. கடைசியில் ஒரு முழு எண்ணாகச் சேர்த்தோம். முந்தைய மாதங்களின் துப்புரவு செய்த வரிகளையெல்லாம், மறுபடி ஓட்ட வேண்டாமே என்று சீக்வென்ஸ்ஃபைலாகவே சேமித்து வைத்திருந்தோம். புதிய கிளாஸ் அந்தப் பழைய கோப்புகளைப் படித்தபோது, ஒவ்வொரு பதிவிலும் இல்லாத நான்கு பைட்களைத் தேடியது. பிளாக்வாரிச் சுருக்கத்தில் வேல்யூக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதால், அது அடுத்த பதிவின் முதல் நான்கு பைட்களை எடுத்து விழுங்கிவிட்டது. அதற்கடுத்தவை எல்லாம் நான்கு நான்காக நழுவின. அணா 16க்குக் கீழா என்ற முன்பு சொன்ன சோதனை இல்லாதிருந்தால், பினாங்கு வெள்ளி காரைக்குடி ரூபாயோடு கலந்தே போயிருக்கும்.

சீக்வென்ஸ்ஃபைலின் தலையில் கிளாஸின் பெயர்தான் இருக்கிறது. அதன் அமைப்பு இல்லை. அட்டையில் கடைப் பெயரை மட்டும் எழுதி, உள்ளே எந்தப் பத்தியில் என்ன என்று எழுதாத ஏட்டுக்கு ஒப்பானது அது. பெயரை மாற்றினாலும் வம்புதான். கிளாஸை வேறொரு பேக்கேஜுக்கு நகர்த்தியதும் பழைய கோப்புகள் திறக்க மறுத்தன. பழைய பெயரை மாற்றுப் பெயராக ரைட்டபிள்நேமில் பதிவு செய்த பிறகே திறந்தன. ஒவ்வொரு பதிவின் முதல் பைட்டாகப் பதிப்பு எண்ணை எழுதும் வெர்ஷன்டுரைட்டபிள் என்ற ஏற்பாடு ஹடூப்பிலேயே இருக்கிறது. முதல் நாளே அதைப் பயன்படுத்தியிருந்தால், குறைந்தது பதிப்பு மாறிவிட்டது என்ற தெளிவான மறுப்பாவது கிடைத்திருக்கும்; பழையதைப் படிக்கும் வழியை அப்போதும் நாமே எழுத வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. ஓர் ஓட்டத்துக்குள், ஒரே ஜார் கோப்பை வைத்துக்கொண்டு, ஒரு ஜாப்பிலிருந்து அடுத்ததற்குச் சொந்த வகையைக் கைமாற்றவும், முடிந்ததும் இடைக் கோப்பை அழித்துவிடவும் ரைட்டபிளும் சீக்வென்ஸ்ஃபைலும் மிகப் பொருத்தம். ஐந்துக்கு நான்கு தருவேன், அந்த ஒன்றைக் குறைத்தது ஹாஷ்கோடுக்காக. அடுத்த மாதம் வரை வைத்திருக்க வேண்டிய எதற்கும் ஒன்றரைக்கு மேல் தர மாட்டேன்.

வைத்திருக்க வேண்டியவற்றை இப்போது ஆவ்ரோ என்ற தரவு வடிவத்துக்கு மாற்றி வருகிறோம். 2009இல் அதைத் தொடங்கியவரும் அதே டக் கட்டிங்தான். ஆவ்ரோவில் தரவின் அமைப்பு ஸ்கீமாவாகக் கோப்பின் தலையிலேயே முழுமையாக எழுதப்படுகிறது. எழுதியவரின் ஸ்கீமா ஒன்று, படிப்பவரின் ஸ்கீமா மற்றொன்று என்று இருந்தாலும் இரண்டையும் அது ஒப்பிட்டு இணைத்துக்கொள்ளும். நாணயம் என்ற புலத்தைச் சேர்த்து, இல்லாவிட்டால் ரூபாய் என்று கொள்க என இயல்பு மதிப்பு கொடுத்துவிட்டால், பழைய கோப்புகள் ஒரு முணுமுணுப்பும் இன்றித் திறக்கின்றன. பைத்தானில் எழுதும் எங்கள் தோழியும் ஜாவா ஜாரைத் தொடாமல் அதே கோப்பைப் படிக்கிறார். ஜாப்களுக்கு இடையேயும் ஆவ்ரோகீ, ஆவ்ரோவேல்யூ என்ற உறைகளில் போட்டு அனுப்பலாம். ஆனால் அதற்கான அமைப்பு வரிகள் ரைட்டபிளைவிடக் கூடுதல், ஒப்பீடும் ஸ்கீமாவின் புல வரிசைப்படி அமைவதால் தமிழ் நெடுங்கணக்கு வரிசைக்கு அங்கே நேர்வழி இல்லை. புலப் பெயர்களை ரோமன் எழுத்தில்தான் வைக்க வேண்டும் என்பதால் ரூபாய், அணா, பை என்ற எங்கள் அழகான பெயர்களும் போயின. கணக்குப்பிள்ளை ஐயாவுக்கு அதில் வருத்தம்.

பகிர்ந்து கணக்கிடும் இன்னொரு கருவியான ஸ்பார்க்குக்குப் போய்விடுங்களேன் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நானும் அதையே சொல்வேன். ஒரே நிரலுக்குள் கட்டங்களைத் தொடுக்கலாம், இடையில் கோப்பு எழுதும் வேலையே நமக்கு இல்லை. ஆனால் ஏற்கெனவே இருக்கும் சீக்வென்ஸ்ஃபைல்களை ஸ்பார்க்கில் திறந்து அப்படியே நினைவகத்தில் தேக்கிவைக்கப் பார்க்கிறவர், இருபத்திரண்டு பற்றும் ஒரே பற்றாகத் தெரியும் அதே பிழையை அங்கேயும் சந்திப்பார். கோப்பைப் படிப்பது அங்கும் ஹடூப்பின் படிப்பான்தான், அது அங்கும் ஒரே பொருளையே திரும்பத் திரும்ப நிரப்புகிறது.

பினாங்குக் கட்டு வருவதற்கு முன் எழுதிய சீக்வென்ஸ்ஃபைல்களில் பாதிக்கு மேல் ஆவ்ரோவாக மாற்றியாயிற்று. மீதியைப் படிக்க வேண்டும் என்பதற்காகப் பழைய ஜார் கோப்பைத் தேதி போட்டுத் தனிக் கோப்புறையில் வைத்திருக்கிறோம். அதன் இன்னொரு பிரதி, கணக்குப்பிள்ளை ஐயா கேட்டுக்கொண்டபடி, அசல் ஏடுகள் இருக்கும் பெட்டகத்திலேயே ஒரு பென்டிரைவில் இருக்கிறது.